உன் படிவத்தின் பதினோராம் கேள்வி

மகனுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினெட்டு மாதம் ஆகிவிட்டது, அதற்கு மேலும் ஒருவன் பேசாமல் இருந்தால் அவனை ஞானி என்பார்கள் அல்லது ஊமை என்பார்கள், எனக்கு இரண்டு பட்டமும் வேண்டாம். இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. அதில் முதல் பாதி பொய் என்பதால் விட்டுவிட்டேன். உன் அம்மா நலம், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, நான் பிழைத்துக் கிடக்கிறேன். இரண்டாம் பாதி உண்மை, உன் நலம் அறியத்தான் எழுதுகிறேன், ஆனால் ஆவலால் இல்லை, பயத்தால். நீ அங்கே மருத்துவரிடம் கொடுத்திருக்கிற படிவத்தில் தவறான தகவல் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தவன் நான். என் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போகிற பழக்கம் உனக்கு உண்டு, கடிதத்தையும் அப்படித்தான் மடித்து வைப்பாய், அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. ஐம்பத்தாறு வயதில் அறுவை செய்து அந்தச் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். உன் தாத்தா செத்ததும் அதே நோயில்தான். இனி நீ மடித்து வைத்தாலும் கவலையில்லை.

இன்னும் படிக்கிறாய் என்றால் மீதியையும் கேள். நீ கிளம்பிப் போய்ப் பதினான்கு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, பதினெட்டு மாதம் முன்பு திடீரென்று கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? நான் அதை இன்னும் அழிக்கவில்லை. 'தாத்தா எதுல செத்தார்? மெடிக்கல் ஃபார்ம்ல பதினோராவது கேள்வி, குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்துச்சான்னு கேக்கறாங்க. இன்னைக்கே வேணும்.' அவ்வளவுதான். எப்படி இருக்கீங்க என்று ஒரு சொல் இல்லை. தபால்காரன்கூடக் கடிதத்தை நீட்டும்போது ஆளின் முகத்தைப் பார்ப்பான். அன்று எனக்கு அறுவை முடிந்து ஒன்பதாவது நாள். உடம்பிலிருந்து ஒரு குழாய் இறங்கிக் கட்டிலோரம் தொங்கிய பையில் முடிந்தது, இருமினால் உயிர் போய் வந்தது. உன் அம்மா அந்தப் பையைக் காலி செய்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தாள். நான் படுத்தபடியே பதில் அடித்தேன், 'ஸ்டூலில் இருந்து விழுந்து. கேன்சர் யாருக்கும் இல்லை. எல்லோரும் சௌக்கியம்.' நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சரித்திரம் அந்தக் கட்டைவிரலோடு முடிந்தது. நீ மட்டும் 'நீங்க எப்படி இருக்கீங்க' என்று கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வஞ்சம்தான், வேறு பெயர் வைத்து அதை அழகுபடுத்த எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று. முப்பது வருஷம் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து, பொய்யான பதிவு போட்டவர்களை எல்லாம் மனிதப் பிறவியே இல்லை என்று திட்டியவன் நான். ஒருவன் எல்லைக்கல்லை நாலடி தள்ளி எழுதிவிட்டுப் போனால் அவன் பேரன் காலம்வரை அண்டை வீட்டுக்காரனோடு அடித்துக்கொண்டு சாக வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் சொந்த மகனின் மருத்துவப் பதிவில் பொய் எழுத வைத்தேன்.

அந்த ஸ்டூல் கதை நானாகக் கட்டியதில்லை, இருபத்தேழு வருஷம் நானும் அதை நம்பினேன். உன் தாத்தா பரணில் இருந்து பெட்டி எடுக்க ஸ்டூலில் ஏறினார், விழுந்தார், இடுப்பு முறிந்தது, எட்டு மாதம் படுக்கையில் கிடந்து அறுபத்திரண்டு வயதில் போனார் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. உனக்கு அப்போது ஆறு வயது, அந்த ஸ்டூலைக் காலால் உதைத்தாய், எல்லோரும் அழுகையிலும் சிரித்தார்கள். நான் அலுவலகத்தில் வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனைப் படிவம் நிரப்பும்போது, குடும்பத்தில் புற்றுநோய் உண்டா என்ற இடத்தில் அழகான எழுத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அங்கே வந்த மருத்துவர்கள் அந்த இல்லையைப் பார்த்துவிட்டு ரத்த அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பினார்கள். பிறகு ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து போக வேண்டியிருந்தது, போய் நின்றாலும் ஒழுங்காக வராது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மாதான் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், துணைக்கு உன் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டாள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்றைப் பார்த்தார்கள், எக்கச்சக்கமாக இருந்தது. அறுவை மருத்துவர் ஒருவர் இருக்கிறார், பேசுகிற நேரமெல்லாம் மணிக்கட்டையே பார்ப்பார், அவருக்கு நான் வைத்த பெயர் கைக்கடிகாரம். அவர் என்னிடம், உங்க அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். நான் ஸ்டூலைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் பெரியப்பா மேலே சுற்றும் மின்விசிறியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் நடைபாதையில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், என்னைத் தோளில் தொட்டு நிறுத்தினார். 'டேய், அப்பா விழுந்ததால எலும்பு முறியல. எலும்பு முறிஞ்சதாலதான் விழுந்தார்.' இவ்வளவுதான் சொன்னார். நோய் புராஸ்டேட்டிலிருந்து எலும்புக்குப் போய், இடுப்பெலும்பு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கிறது, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தபோதே அது உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர் உன் பெரியப்பா ஒருவர்தான். இந்த இடத்தில் நோய் என்று வெளியே தெரிந்தால் கேவலம், யாரிடமும் சொல்லாதே, தம்பியிடம்கூடச் சொல்லாதே என்று தாத்தா சத்தியம் வாங்கினாராம். இவரும் செய்து கொடுத்தாராம். செய்து கொடுத்ததோடு விடாமல் அதைக் காப்பாற்றவும் செய்தாராம். வேறு எந்த விஷயத்திலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றாத மனிதர், என் கல்யாணத்துக்கே நாலு மணி நேரம் தாமதமாக வந்தவர், ஒரு பிணத்துக்குக் கொடுத்த வாக்கை மட்டும் இருபத்தேழு வருஷம் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். நான் அந்த நடைபாதையிலேயே அவரை என்னென்ன கேட்டேன் என்பதை எழுத முடியாது. காவல்காரர் வந்து, சார் நோயாளிங்க தூங்கறாங்க, சண்டையை வாசல்ல வச்சுக்கங்க என்று சொல்லும் அளவுக்கு இருந்தது.

எனக்கும் அவருக்கும் இருக்கிற வழக்கு பழையது, உனக்கும் தெரிந்ததுதான். ஒரே துறையில் வேலை பார்த்தோம். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர், சர்வேயர், நிலத்தை அளப்பவர், ஜீப்பில் போய்க் காடு மேடெல்லாம் சங்கிலி போட்டு அளந்துவிட்டு வருவார். அவர் அளந்த படங்களை எண் போட்டு அடுக்கி வைக்கிற வேலை எனக்கு. கட்டடத்தின் கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது, காகிதம் நிறம் மாறும் என்று வெளிச்சத்தையும் விட மாட்டார்கள், இரண்டு குழல் விளக்கு, ஒரு காற்றாடி, பூஞ்சை வாடை. பட்டம் வாங்கியவன் நான், பத்தாவதைத் தாண்டாதவர் அவர். என்னை அந்தக் குழியில் கொண்டு போய்த் தள்ளியதே அவர்தான். நான் சேர்ந்த அன்று மேலதிகாரியிடம் போய், இவன் படிச்ச பையன், வெயில் தாங்க மாட்டான், உள்ளேயே போடுங்க என்று சிபாரிசு செய்தவர் அவர். நல்லதுதான் செய்தாராம். இந்தக் குடும்பத்தில் எனக்கு நடந்த அத்தனை கெடுதலையும் நல்லது என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து கைக்கடிகாரம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஓர் ஆராய்ச்சிக்கு அண்ணன் தம்பி ஜோடிகளைத் தேடுகிறார்களாம், ஒருவன் வெயிலில் வேலை பார்த்தவனாகவும் ஒருவன் நிழலில் வேலை பார்த்தவனாகவும் இருக்க வேண்டுமாம். எங்களைப் போலப் பொருத்தமான ஜோடி அகப்படாது என்று அவருக்கு மகிழ்ச்சி, அன்று மணிக்கட்டைக்கூடப் பார்க்கவில்லை. ஓர் இளம்பெண் கேள்வித்தாளோடு வந்தாள். இருபது வயதிலிருந்து ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் தினம் எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தீர்கள், முழுக்கையா அரைக்கையா, தொப்பி உண்டா என்று கேட்டுக்கொண்டே போனாள். உன் பெரியப்பா, 'காலைல ஏழு மணிக்கு சூரியனோட கெளம்புவேன்மா, அது வீட்டுக்குப் போன பிறகுதான் நான் வீட்டுக்குப் போவேன்' என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார். என் முறை வந்தது. வீட்டு வாசலில் இருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் நாலு நிமிஷம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்றாள். படிப்பேன் என்றேன். அவள் அடுத்த கட்டத்தில் ஒரு சுழியம் போட்டாள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலின் அருமை முப்பது வருஷ நிழலில் எனக்குத் தெரியவில்லை, அந்தச் சுழியத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பிறகு சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை எடுத்தாள். சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கச் சொல்லி, அக்குளை ஒட்டிய மேல்கையின் உட்புறத்தில் அதை வைத்து அழுத்தினாள், பிறகு நெற்றியில் அழுத்தினாள். எண் கூடினால் வெளுப்பு, குறைந்தால் கறுப்பு. உட்கை வெயில் படாத இடம், அதுதான் பிறந்த நிறம், நெற்றி சம்பாதித்த நிறம், இரண்டுக்கும் உள்ள தூரம்தான் ஒருவன் வாழ்நாளில் வாங்கிய வெயில் என்றாள். அறிவாளிப் பெண், கூட்டல் கழித்தல் தெரிந்தவள், எங்கள் துறையில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் பாதி வழக்கு வந்திருக்காது. உன் பெரியப்பாவுக்கு உட்கை ஐம்பத்தெட்டு, நெற்றி முப்பத்தொன்பது. எனக்கு உட்கை ஐம்பத்தேழு, நெற்றி ஐம்பத்தைந்து. நான் எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறந்த நாள் முதல் இந்த வீட்டில் நான் சிவப்பு, அவர் கறுப்பு. என்னைச் சளிக்காரக் குழந்தை என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள், கடைக்கும் தண்ணீருக்கும் ஓடியது எல்லாம் அவர். வருகிற அத்தைகள் எல்லாம் என்னை மடியில் தூக்கி வைப்பார்கள், அவரைக் கரிக்கட்டை என்பார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற கூட்டம், அந்தப் பாலைக் குடித்தே வளர்ந்தவன் நான், மறைக்கவில்லை. கருவி சொல்கிறது, இரண்டு பேரும் ஒரே நிறத்தில் பிறந்திருக்கிறோம், சொல்லப்போனால் கரிக்கட்டை ஒரு புள்ளி கூட வெளுப்பு. உன் பெரியப்பா எட்டிப் பார்த்தார். 'டேய், நீ ஒண்ணும் செவப்பு இல்ல. காயப்போடாத துணி, அவ்வளவுதான்' என்றார். அந்தப் பெண் தாளைக் கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டாள். சட்டைப் பொத்தானைப் போட எனக்கு வெகுநேரம் பிடித்தது.

ரத்தத்தையும் எடுத்தார்கள், மரபணு பார்க்க. முடிவைப் பங்கு பெற்றவர்களிடம் சொல்வதில்லையாம். மூன்று மனு எழுதினேன், மூன்றாவதில் விதியையும் மேற்கோள் காட்டினேன், சொல்லிவிட்டார்கள். கைக்கடிகாரம் ஒரு பேனாவை எடுத்துப் படம் போட்டு விளக்கினார், எனக்குப் புரிந்ததை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். வெயில் தோலில் பட்டால் உடம்பு வைட்டமின் டி செய்கிறது. அது கல்லீரல், சிறுநீரகம் என்று இரண்டு அலுவலகங்களில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் செல்லுபடியாகும். பிறகு ஒவ்வொரு உயிரணுவுக்கும் போய், தாறுமாறாகப் பெருகாதே, ஒழுங்காக இரு என்று மனு கொடுக்கும். அந்த மனுவை வாங்கிக்கொள்ள உயிரணுவுக்குள் ஒரு குமாஸ்தா உண்டு. அந்தக் குமாஸ்தா எப்படிப்பட்டவன் என்பதை அப்பா அம்மாவிடம் இருந்து வருகிற மரபணு தீர்மானிக்கிறது, சிலருக்குச் சுறுசுறுப்பானவன், சிலருக்குத் தூங்குமூஞ்சி. குமாஸ்தா எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் மனுவே வராவிட்டால் என்ன செய்வான்? வெயிலை நிறைய வாங்கியவர்களில், குறிப்பிட்ட வகை மரபணு உள்ளவர்களுக்கு, முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் குறைவாக வந்ததாகச் சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்களாம். வெயிலை மட்டும் பார்த்தாலோ மரபணுவை மட்டும் பார்த்தாலோ தெரியாதது இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறதாம். வேறு சில ஆய்வுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லையாம். எங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே வகை. ஒரே நிறம், ஒரே குமாஸ்தா, ஒருவர் வெயிலில், ஒருவன் குழியில்.

இது போதாதா உன் பெரியப்பாவுக்கு? அவருக்கு அறுபத்தாறு வயது, ரத்தப் பரிசோதனை சுத்தம். அன்றிலிருந்து சூரியனுக்கு இவர்தான் ஏஜென்ட். முடிவெட்டும் கடையிலும் மருந்துக் கடை வரிசையிலும் வைட்டமின் டி பிரசங்கம். நான் காப்பாத்திக்கிட்டேன், என் தம்பிதான் பாவம், நெழல்லயே இருந்துட்டான் என்று என் காதுபடவே சொல்கிறார். அந்தப் பிரசங்கியின் இடது காது விளிம்பில் ஆறாத புண் ஒன்று வந்து, தோல் புற்றுநோய் என்று போன வருஷம்தான் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள், அதைக் கொடுத்ததும் அதே சூரியன்தான். அதைக் கேட்டால் காதுதானே, இன்னொண்ணு இருக்கே என்கிறார். நான் விடவில்லை, அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கைக்கடிகாரத்தின் முன் உட்கார வைத்து, இவரைக் காப்பாற்றியது வெயிலா, என்னைக் கெடுத்தது நிழலா, தீர்ப்பு சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னது, 'சார், உங்க ரெண்டு பேரை வச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆயிரம் பேரை வச்சாலும் இருக்கலாம்னுதான் சொல்வேன். வெயில்ல நின்னவங்களுக்கும் வந்திருக்கு, உள்ள இருந்தவங்களுக்கு வராமலும் இருந்திருக்கு.' பிறகு மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பையன் இருக்கானா, அவனுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டார். நான் தெரியும் என்றேன். உன் பெரியப்பா மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார்.

போன வாரம் அவர் வீட்டுக்கு வந்தார். கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டி, 'பாத்தியா, உன் பையன் என் பேச்சைக் கேக்கறான்' என்றார். வெயில் வாங்குகிறவர்களுக்கு அந்த நோய் குறைவு என்று ஏதோ பத்திரிகையில் வந்த துண்டைச் சிவப்பு மையால் கோடிட்டு உனக்கு அனுப்பியிருக்கிறார். நீயும் அவருக்குப் பதில் எழுதியிருக்கிறாய், நீளமாக, நலம் விசாரித்து, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் ஊரில் மதியம் மூன்று மணிக்கே இருட்டுகிறது, நீ வேலை பார்க்கும் அறைக்கும் ஜன்னல் கிடையாது, அதனால் ஏதோ விளக்கு ஒன்று வாங்கித் தினம் அதன் முன் உட்காருகிறாய், மாத்திரையும் போடுகிறாய், போட்டோ வேறு. மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. அந்த விளக்கு வெயிலா வெறும் வெளிச்சமா என்றுகூட உங்கள் இருவருக்கும் தெரியாது. உலகத்தில் யாருக்காவது வரும் நோய்க்கு யாரோ சொன்ன கைவைத்தியம் செய்கிறவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய், உன் அப்பனுக்கும் தாத்தனுக்கும் வந்த நோய் என்று உனக்குத் தெரியாது. அரைகுறை வைத்தியன் ஆளைக் கொல்வான் என்று அவரைப் பிடித்துக் கத்தினேன். சொல்வதென்றால் முழுதாகச் சொல்ல வேண்டும், இது என்ன வெயிலில் நில்லு, விளக்கில் உட்காரு என்று கேட்டேன். அவர் செருப்பைப் போடப் போனவர் திரும்பி நின்றார். 'யாருகிட்டயும் சொல்லாதேன்னு அப்பா சத்தியம் வாங்கினார். பையன்கிட்ட சொல்லாதேன்னு நீ சத்தியம் வாங்கின. நான் என்னடா பண்றது? வெயில்ல நில்லுன்னாவது சொல்லலாம்ல?'

ஆமாம், வாங்கினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து, அப்பா வாங்கிய அதே சத்தியத்தை வாங்கினேன். அவர் இருபத்தேழு வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று நடைபாதையில் கிழித்துத் தொங்கவிட்ட அதே வாரத்தில். போன வாரம் நாங்கள் கத்திக்கொண்டிருந்த அத்தனை நேரமும் உன் அம்மா ஒழுகுகிற குழாயின் கீழே பாத்திரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தபடியே, 'அண்ணனும் தம்பியும் வெயிலுக்கும் நெழலுக்கும் நல்லா சண்டை போடுங்க. நடுவுல என் பையன் வெளக்கைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்க எழுதறீங்களா, நான் ஃபோன் பண்ணவா?' என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி இது, மற்றதெல்லாம் நினைவூட்டல். நான் எழுதுகிறேன் என்றேன். தாத்தாவை வெட்கங்கெட்ட மௌனி என்று திட்டினேன், பெரியப்பாவைக் கல்லுளிமங்கன் என்று திட்டினேன். அவர்களிடமாவது ஒரு காரணம் இருந்தது, ஒருவருக்கு மானம், ஒருவருக்கு வாக்கு. எனக்கு இருந்தது நீ நலம் விசாரிக்கவில்லை என்கிற கோபம் மட்டும். அதற்காக உன் உடம்பைப் பணயம் வைத்தேன். இவர்கள் எல்லோரையும்விட மட்டமானவன் யார் என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொள்.

இப்போது செய்ய வேண்டியது. விளக்கை அணை என்று சொல்லவில்லை, நல்ல வெயில் அடித்தால் கொஞ்ச நேரம் நட, தோல் கருகும்வரை நிற்காதே, பெரியப்பாவின் காதை நினைத்துக்கொள். மாத்திரையை மருத்துவரைக் கேட்டுப் போடு. ஆனால் இதெல்லாம் பரிசோதனைக்குப் பதில் ஆகாது. எனக்கு இருக்கிற மரபணு உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், அதைத் தேடி அலையாதே, கைக்கடிகாரமே சொன்னார், அது ஆராய்ச்சிக்கு, உங்க பையனுக்கு வேண்டியது சரியான குடும்ப வரலாறு என்று. ஆகவே உன் மருத்துவரிடம் போய், அந்தப் பதினோராம் கேள்விக்கு நான் கொடுத்த பதில் தவறு என்று சொல். தந்தை, ஐம்பத்தாறு வயதில், புராஸ்டேட், அறுவை செய்துகொண்டு உயிரோடு இருக்கிறார். தந்தையின் தந்தை, அதே நோய், எலும்புக்குப் பரவி, அறுபத்திரண்டில் மரணம். இப்படியே எழுதச் சொல், ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். உனக்கு இப்போது முப்பத்துநான்கு. உன்னைப் போன்றவர்களுக்கு நாற்பதிலேயே பரிசோதனை பற்றிப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள், எப்போது, எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை என்பதை அவர் முடிவு செய்யட்டும். எனக்கு இப்போது ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மட்டும் கொஞ்சம் ஒழுகும், சமையலறைக் குழாய்க்கும் எனக்கும் போட்டி, அதை நினைத்துச் சிரிக்க உனக்கு அனுமதி உண்டு.

நீ போகும்போது வாசலில் நின்று, உங்க பக்கத்துல இருந்தா காத்தே வர மாட்டேங்குதுப்பா என்றாய். நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, இந்தக் கடிதத்தால் அது தீர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. அது வேறு வழக்கு, இது வேறு வழக்கு. நீ நூறு வயசு இருந்து, என்னோடு அந்தச் சண்டையை முழுசாகப் போட்டு முடிக்க வேண்டும், அதற்காவது உடம்பைக் காப்பாற்று. உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். நானும் சொல்கிறேன், நன்றாக இரு. படிவத்தைத் திருத்திய அன்று அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பு, எனக்கு வேண்டாம், கட்டைவிரல் படமும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தை இதற்கு முன் மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் இந்த இடத்துக்கு வந்துதான் கிழித்தேன். அன்புள்ள அப்பா என்று போட்டால் நீ சிரிப்பாய், எனக்கும் அது அடுத்தவன் சட்டையைப் போட்டது போல இருக்கிறது. வெறுமனே அப்பா என்று போட்டால், அன்புள்ள என்பதை எடுத்துவிட்டேன் என்று ஆகும், அதுவும் உண்மையில்லை. எதைப் போடுவது என்று யோசித்தால் நாலாவதையும் கிழித்துவிடுவேன். ஐந்து மணிக்குத் தபால் எடுக்க வருவார்கள், இப்போது நாலரை ஆகிறது. கையெழுத்துப் போடாமலே உறையில் வைத்து ஒட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.